மஞ்சள் நாடா கட்டிய அம்மா

வளைகுடாப் போர் நடந்த குளிர்காலத்தில், லண்டனில் இல்ஃபோர்ட் பகுதியில் காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடையில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். அமெரிக்காவிலிருந்து மகளின் பிள்ளைப்பேற்றுக்காக வந்திருந்தார். மெலிந்த உடம்பு, அதற்கு மேல் மருமகனின் பெரிய கோட்டு. கடைத் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிடுவார். அவருடைய மகன் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, அப்போது பாலைவனத்தில் இருந்தான்.

"அமெரிக்காவில சனமெல்லாம் சண்டைக்கு ஆதரவோ, அம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போன பிள்ளையள் திரும்பி வரவேணுமெண்டு எங்கட தெருவில வீட்டுக்கு வீடு மஞ்சள் நாடா கட்டியிருக்கினம், தம்பி. நானும் கட்டினனான். கட்டாட்டி பிள்ளையில அக்கறையில்லை எண்டுவினம். கட்டினால் எனக்கும் சண்டை விருப்பமெண்டு நினைக்கினம். சண்டை வேண்டாமெண்டு சந்தியில நிக்கிற ஆக்களும் இருக்கினம். அவையோட போய் நிக்கவும் என்னால ஏலாது."

"மகனைப் போகவேண்டாமெண்டு சொல்லேல்லையோ?"

"யாழ்ப்பாணத்துச் சண்டையில அம்பிடக்கூடாதெண்டுதான் அவனை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனனான்" என்றார்.

போர் முடிந்து, அவரும் அமெரிக்கா திரும்பிய பிறகு, அங்குள்ள தெருக்களில் நடந்த வெற்றி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கைதட்டிய கூட்டத்தில் அவரும் நின்றிருப்பாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.