ஆரிபா சிரித்த வாரம்

துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்துவிட்டு வந்திருக்கிறேன். சர்ச்சில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை எந்தப் பாவத்தோடு சேர்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. ஆயுசு பூராவும் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எதிலும் சேராமல் நிற்கிற ஒன்றைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆரிபாவின் வீட்டுக்காரர் நூர் முகமது இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேகம்பூரில் முன்னால் அவர்களுடைய பிரியாணிக் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. இறந்த அன்று நானும் ராமுத்தாயும் போயிருந்தோம். கூட்டத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். பிறகு ஒருநாள் அவளுடைய மகன் ஆசாத் திருச்சிக்கு எனக்குப் போன் செய்தான்.

"பெரியம்மா, அம்மா இத்தால இருக்குல்ல, வெளிய வாசல் போக முடியாது. அஃப்சானா பிரசவத்துக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. எனக்குக் கடையப் பாக்கவே சரியா இருக்கு. அம்மா சுவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. நீங்களும் ராமுத்தாய் பெரியம்மாவும் ஒரு வாரம் வந்து இருந்தா நல்லா இருக்கும்."

கணவன் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் பூ, அத்தர், நல்ல துணி எதுவும் இல்லாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. மகனும் மருமகளில்லாத வீடும் சுவரும் மட்டும் துணை என்றால் கஷ்டம்தான். எனக்கு வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சுவரை எனக்கும் தெரியும். உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாங்கள் மூன்று பேரும் திண்டுக்கல்லில் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. நான் மேலே படித்து டீச்சரானேன். ராமுத்தாய் குஜிலியம்பாறைப் பக்கம் முத்துச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு, மழையைப் பார்த்துக் கடலை போடுகிறாள். ஆரிபாவுக்குப் பரீட்சை முடிந்த கையோடு நிக்காஹ். மூன்று பேரில் அவளுக்குத்தான் பெரிய சிரிப்பு. வகுப்பில் யாராவது தும்மினால்கூடச் சிரிப்பாள், அடக்கத் தெரியாது. தையல் டீச்சர் அவளை வெளியே நிறுத்துவார். அவள் வராந்தாவில் நின்று சிரிப்பாள், நாங்கள் உள்ளே இருந்து சிரிப்போம்.

கல்யாணமாகிப் போன புதிதில் மாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். "கடையில ஆம்பளைக சாப்பிடுறாக. ஒன் சிரிப்பு அவுக எலையில விழக்கூடாது." அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் எப்போது பார்க்கப் போனாலும், சிரிப்பு வந்தால் துப்பட்டியின் நுனியை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொள்வாள். மாமியார் மண்ணுக்குள் போய் எத்தனையோ வருஷமாயிற்று. துப்பட்டி மட்டும் வாயை விட்டு இறங்கவில்லை. எனக்கு அந்தக் கிழவி மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ராமுத்தாய் எனக்காகக் காத்திருந்தாள். ஒரு பையில் கடலை, இன்னொரு பையில் முருங்கைக்காய், கையில் இலையில் சுற்றிய மல்லிகை. ஆரிபாவைப் பார்க்கப் போனால் பூ வாங்குவது அவள் வழக்கம். வழக்கம்போல வாங்கிவிட்டாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏடி அமலி, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று தலையில் கை வைத்தாள். பூவைத் தூக்கி எறியவும் மனசில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் யாரும் பார்க்காமல் ஃப்ரிட்ஜில், வெங்காயத் தட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

அன்று சாயங்காலம் ஆரிபா ஐந்தாறு முறை ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தாள். அவ்வளவு தாகம் எடுக்கிறவள் இல்லை அவள். கடைசியில் என்னைப் பார்த்து, "வாசன தானா வந்தா பாவம் இல்லல்ல?" என்று கேட்டாள். எனக்கு என்ன சட்டம் தெரியும். "நீ தண்ணி குடிக்கத்தானே போற" என்றேன்.

அப்படித்தான் அந்த வாரம் ஆரம்பித்தது. ராமுத்தாய் அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். முருங்கைக்காய்க் குழம்பும் கடலைத் துவையலும் செய்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இரண்டாம் நாள் மறுசோறு கேட்டாள். ஆசாத் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, அம்மா சாப்பிடுவதைக் கண்டு சத்தமில்லாமல் போய்விட்டான்.

மத்தியானம் மூன்று பேரும் மின்விசிறிக்கு அடியில் பாய் போட்டுப் படுத்தோம். கல்யாணமான நாளிலிருந்து ஆரிபா மத்தியானத்தில் படுத்ததே இல்லை. மத்தியானம்தான் மறுநாள் பிரியாணிக்கான சின்ன வெங்காயமும் பூண்டும் கூடைகூடையாகக் கடையிலிருந்து அந்த நடுக்கதவு வழியாக உள்ளே வரும். நாங்கள் பார்க்கப் போனாலும் பேச்சு ஒரு பக்கம், உரிப்பு ஒரு பக்கம். கையைக் கொடுத்தால் பூண்டு மணக்கும். இப்போது ஆசாத் உரித்த பூண்டைப் பாக்கெட்டில் வாங்குகிறான். அவள் படுத்தாள், தூங்கினாள், திடுக்கிட்டு எழுந்து, "வெங்காயம் வந்துருச்சா?" என்றாள். வரவில்லை என்றதும் மறுபடி படுத்துத் தூங்கினாள்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவுக இருந்தா இப்படித் தூங்கியிருப்பேனா அமலி?" என்றாள். இது கேள்வி மாதிரி இருந்தாலும் கேள்வி இல்லை. நூர் முகமது கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவும் மாட்டார். அவருக்குக் கடை, கடையை விட்டால் தொழுகை. அவர் போனதால்தான் தனக்கு மத்தியானத் தூக்கம் கிடைத்தது என்பது அவள் மனசில் முள்ளாக ஏறிவிட்டது. எனக்கும் ஏறியது. காலையில் காப்பி, பத்து மணிக்கு அவித்த கடலை, மத்தியானத் தூக்கம், சாயங்காலம் பழைய டீச்சர்களைப் பற்றிப் பேச்சு. ஆறு வருஷத்தில் நான் இப்படி இருந்ததில்லை. ஒருத்தர் இறந்துபோன வீட்டில் எனக்கு விடுமுறை கிடைத்திருந்தது.

ஐந்தாம் நாள் பேச்சு எப்படியோ கொடைக்கானலுக்குப் போயிற்று. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஆரிபா கொடைக்கானலைப் பார்த்ததே இல்லை என்று ராமுத்தாய் கேலி செய்தாள்.

"பாக்கக் கிளம்பினோம்ல" என்றாள் ஆரிபா. "ஆசாத்து சின்னப் புள்ள. அவன அவுக தங்கச்சி காதர் பீவிகிட்ட விட்டுட்டு, நானும் அவுகளும் பஸ் ஏறுனோம். வத்தலக்குண்டுல பஸ் நின்னுச்சு. டீ குடிச்சிட்டு வாரேன்னு எறங்குனாக. அங்கன ஒரு பிரியாணிக் கடை இருந்திருக்கு. அவுகளுக்குக் கால் சும்மா இருக்குமா? உள்ள போயி, அடுப்படிக்கே போயி, அந்த மாஸ்டருக்குத் தம் போடச் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்திருக்காக. பஸ்ஸு கிளம்பிருச்சு."

"நீ சத்தம் போடலையா?"

"நான் எங்கிட்டுச் சத்தம் போட? மல ஏறப்போற காட்ரோடு வந்ததும் கண்டக்டர் டிக்கெட்டப் பாத்துட்டு, ஏம்மா ரெண்டு டிக்கெட்டுல இன்னொரு ஆள் எங்கன்னு கேட்டாரு. அடுத்த பஸ்ஸுல வருவாரு, இங்கனயே நில்லுன்னு எறக்கி விட்டுட்டாரு. மரத்தடியில நிக்கிறேன். அடுத்த பஸ்ஸுல வந்து எறங்குறாக. கையில பொட்டலம். அந்தக் கடை பிரியாணி."

ராமுத்தாய் அப்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய நிமுந்து பாத்தாக. பயந்துட்டியான்னு கேக்கல. ஒண்ணும் கேக்கல. பொட்டலத்தப் பிரிச்சு ஒரு வாய் போட்டாக. கண்ண மூடிக்கிட்டாக." ஆரிபா எழுந்து நின்றாள். கண்ணை மூடி, தாடையை மெதுவாக அசைத்து, அவரைப் போலவே தொண்டையைச் செருமினாள். "'உப்பு கம்மி ஆரிபா. அரிசியும் ஒடஞ்சிருக்கு. வா, வீட்டுக்குப் போவோம்.'"

அவரே வந்து நின்றது போல இருந்தது. ராமுத்தாய் பாயில் உருண்டாள். நான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தேன். ஆரிபா சிரித்தாள். துப்பட்டி தோளில்தான் இருந்தது, அவள் அதை எடுக்கவில்லை. வாயைத் திறந்து, வராந்தாவில் நின்று சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் காதர் பீவி நிற்கிறாள். நூர் முகமதுவின் தங்கை, அடுத்த தெரு. கையில் தூக்குவாளி. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள், தூக்குவாளியைத் தரையில் வைத்தாள், திரும்பிப் போய்விட்டாள். அதில் நோன்புக் கஞ்சி மாதிரி இளகலாகக் கஞ்சி இருந்தது. துக்கத்தில் இருக்கிற மதினிக்குத் தொண்டையில் இறங்க வேண்டுமே என்று காய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆரிபா சாயங்காலம் முழுவதும் தொழுகை விரிப்பை விட்டு எழவில்லை. எழுந்து வந்ததும், "நாளைக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் கிளம்பிருங்க" என்றாள்.

"பீவி என்ன சொல்லுவாளோன்னு பயப்படுறியா?"

"அவ என்ன வேணாலும் சொல்லட்டும். அண்ணன் செத்ததுக்கு இவ சந்தோசப்படுறான்னு தெருப்பூரா சொல்லட்டும். அது பொய்யாடி அமலி? இந்த வாரம் நான் சந்தோசமா இல்லையா? நீ சொல்லு."

இல்லை என்றால் பொய். ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ராமுத்தாய் ஃப்ரிட்ஜிலிருந்து வாடிப்போன மல்லிகையை எடுத்து, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள். எல்லாம் இந்தப் பூவால்தான் வந்தது என்பது போல இருந்தது அவள் முகம்.

காலையில் நாங்கள் பையை மூடிக்கொண்டிருந்தபோது காதர் பீவி வந்தாள். தூக்குவாளியை எடுக்க வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் ஆரிபாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆரிபா தலை நிமிரவில்லை.

"மன்னிச்சிரு பீவி" என்றாள். "இத்தாவுல இருந்துக்கிட்டு நான் அப்படிச் சிரிச்சிருக்கக்கூடாது."

"நான் அதுக்கு வரல மதினி" என்றாள் காதர் பீவி. "ராத்திரி எனக்கு ஒறக்கமே இல்ல. உங்களுக்கு இப்படிச் சிரிக்க வரும்னு எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. அத நெனச்சுத்தான்."

நாங்கள் பையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தோம்.

"அந்தக் கொடைக்கானலுக்குப் போனீகளே, அன்னைக்கு ஆசாத்தக் கூப்பிட அண்ணன் என் வீட்டுக்கு வந்துச்சு. வந்து உக்காந்து அழுதுச்சு. பஸ்ஸு போனதும் பொண்டாட்டியத் தொலைச்சுட்டேன்னு பதறிப்போச்சாம். அடுத்த பஸ்ஸுல நின்னுக்கிட்டே அழுதுக்கிட்டு வந்துச்சாம். உங்கள மரத்தடியில பாத்ததும் என்ன சொல்றதுன்னே தெரியலையாம். சிரிக்க வச்சிரலாம்னு நெனச்சு, உப்பு கம்மின்னு சொல்லிருக்கு. அண்ணனுக்கு அம்புட்டுத்தானே வரும்."

ஆரிபா இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'அப்பவும் அவ சிரிக்கல பீவி. வர்ற வழியெல்லாம் துப்பட்டிக்குள்ள குலுங்கிக் குலுங்கி அழுதுக்கிட்டே வந்தா. இனிமே அவள எங்கயும் கூட்டிட்டுப் போயி அழவைக்க மாட்டேன்'னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போகவே இல்லல்ல? சாகுறதுக்கு முந்திகூடச் சொல்லுச்சு, என்கூட இருந்ததுல அவளுக்குச் சிரிப்பே வரல போலன்னு. நேத்து உங்க சத்தம் தெருவரைக்கும் கேட்டுச்சு மதினி. அது அண்ணனப் பத்தித்தான்னு கேட்டதும் எனக்கு நிக்க முடியல. அதான் போயிட்டேன்."

முன்னால் கடையில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஆரிபா நடுக்கதவையே பார்த்தாள். பழக்கத்தில் அவள் கை துப்பட்டியின் நுனியைத் தேடி எடுத்தது. எடுத்ததைப் பார்த்துவிட்டு மடியில் விட்டாள்.

"நான் அழுகல பீவி" என்றாள். "அவுக உப்பு கம்மின்னு சொன்னதுக்குத்தான் அம்புட்டுச் சிரிப்பு. பஸ்ஸுல அடக்க முடியல. ஆம்பளைக இருக்காகளேன்னு துப்பட்டிய வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அவுக என்னைய ஒருக்காத் திரும்பிப் பாத்துட்டு, ஜன்னல் பக்கமா மூஞ்சிய வச்சுக்கிட்டாக."