பொறுத்துக்கொள்ள மூன்று வாக்கியம்

கடலூரில் ஒரு மாடியறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதப்போகும் நர்ஸுகள். அன்றைய பாடம் 'புட் அப் வித்'. பிடிக்காத ஒன்றைச் சகித்துக்கொண்டு காலம் தள்ளுவது என்று விளக்கினேன். விழித்தார்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போறதும்மா" என்றேன். எல்லாத் தலைகளும் ஆடின.

சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதிவரச் சொல்வேன். இவர்களுக்கு என்ன கேடோ, எல்லா நோட்டிலும் கைடில் இருக்கும் அதே பக்கத்துவீட்டு டிவி சத்தம்தான். திருத்தித் திருத்தி அந்த டிவியை நானே போய் உடைத்துவிடலாமா என்றிருக்கும்.

ஒரு நோட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தது. நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்ணுடையது. கல்யாணமாகி இரண்டு வருடம். துணைக்கு அவள் நாத்தனாரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அப்பாடா, ஒருத்தியாவது சொந்தமாக எழுதினாளே என்று மூன்றுக்கும் டிக் போட்டு, 'வெரி குட்' என்றும் எழுதினேன். என் கண் பிழையைத்தான் தேடும். பிழை இல்லை.

நன்றாக எழுதியதை வகுப்பில் உரக்கப் படித்து, தமிழிலும் அர்த்தம் சொல்வது என் வழக்கம். படித்தேன். பஸ் நெரிசலைப் பொறுத்துக்கொள்கிறேன். மாமியாரின் பேச்சைப் பொறுத்துக்கொள்கிறேன். மூன்றாவதை ஆங்கிலத்தில் கணீரென்று படித்துவிட்டேன். தமிழில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஆனாலும் பழகின வாய் நிற்கவில்லை. என் கணவர் அடிப்பதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் எழுந்து, "வா அண்ணி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாசல்வரை போனேன். நாளைக்கு மாதிரித் தேர்வு இருக்கிறது என்றேன்.

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவள் தேர்வுக்குப் பத்து நாள்தான் பாக்கி. பயந்துகொண்டே போன் செய்தேன். எடுத்தது கணவர். குரலில் கோபமே இல்லை.

"அவ இனிமே வரமாட்டா மிஸ். நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

அவளிடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அதட்டியிருக்கலாம். அதற்கும் அடி அவளுக்குத்தானே விழும். "சரிங்க" என்றேன்.