இரத்தினசிங்கத்தின் தன்னடக்கம்

“காணும் பிள்ளை, போதும்” என்று தட்டை இரு கைகளாலும் மூடுகிறார் இரத்தினசிங்கம். விரல்களுக்கு நடுவே ஒரு வடை தாராளமாக நுழையும். சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு அருகே சாப்பாட்டுக் கடை நடத்தும் கமலினிக்கு இது பழக்கம். “சும்மா சாப்பிடுங்கோ அங்கிள்” என்று இரண்டுதரம் வற்புறுத்துவாள். அதற்குமேல் அவர் கைகள் தாமாக விலகும்.

பேச்சிலும் மனுஷன் இப்படித்தான். பழைய மாணவர் சங்கத்தின் கிரிக்கெட் அணியில் ஒரு காலத்தில் இரண்டு பந்துவீச்சாளர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். வேகத்துக்குச் சிறிதரன், சுழலுக்கு இரத்தினசிங்கம். இருவரில் யார் பெரியவர் என்ற வழக்கு சனிக்கிழமைதோறும் இந்த மேசையில் நடக்கிறது. சிறிதரன் எப்போதோ மெல்பேர்னுக்குக் குடிபோய்விட்டார். இப்படியொரு வழக்கு நடப்பதே அவருக்குத் தெரியாது. அவருக்காக இங்கே வாதாடுவது, வேறு யார், இரத்தினசிங்கமேதான்.

“சிறி போட்டால் ஸ்டம்ப் பறக்கும். நான் என்ன, சும்மா காத்துக்கு எறிஞ்சனான்.”

“விசர்க் கதை கதையாதை!” என்று கூட்டாளி கௌரிசங்கர் சீறுவார். “பரமட்டா மட்ச்சிலை ஆர் எங்களைக் காப்பாத்தினது? நீதானே! சிறி அண்டைக்கு அடிதான் வாங்கினவன்.”

“சீச்சீ, அண்டைக்கு அவனுக்குக் கால் நோவு” என்பார் இவர், முகமெல்லாம் பூரித்து. வாதத்தில் தோற்ற சந்தோஷத்தில் கௌரிசங்கருக்கும் சேர்த்துப் பால் விடாத பிளேன்ரீ சொல்வார்.

இந்த வருஷம் சங்கம் புதுக் கிண்ணம் ஒன்றுக்கு இருவரில் ஒருவரின் பெயரை வைக்கத் தீர்மானித்தது. அது தன் பெயராக இருக்கவேண்டுமென்று மனுஷன் தவியாய்த் தவித்தார். ஆனால் கூட்டத்தில் எழுந்து, தொண்டையைச் செருமி, “சிறியின்ர பேரையே வையுங்கோ. எனக்கு என்ன தகுதி?” என்றார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று காத்திருந்தார். பாவம், கௌரிசங்கர் அன்று கெல்லிவில்லில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். செயலாளர் லக்சிகாவோ சிட்னியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒருவர் வேண்டாமென்றால் அதை அப்படியே நம்பிவிடுகிற பிள்ளை.

“வாவ், சோ ஜெனரஸ் அங்கிள்! எல்லாருக்கும் ஓகேதானே?”

கைதட்டல் எழுந்தது. இரத்தினசிங்கமும் தட்டினார், வேறென்ன செய்வார்?

அடுத்த சனிக்கிழமை மேசையில் வழக்கு நடக்கவில்லை. “உனக்கு வாயிலைதானடா சனி” என்றதோடு கௌரிசங்கர் நிறுத்திக்கொண்டார். இரத்தினசிங்கம் வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கமலினி வடையோடு வந்தாள். “அங்கிள், இன்னும் ஒண்டு...”

அவள் கேட்டு முடிக்குமுன் இரு கைகளாலும் தட்டை நீட்டினார் இரத்தினசிங்கம்.