மேட்டு வீட்டு விளக்கு

நேற்று மாலை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கை முழுக்கக் கருவாட்டு வாடை. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் சரசுவின் செய்தி வந்து விழுந்தது. "நம்ம திருவாதிரை வெடிக்கப் போவுதாம் லா. பாத்தியா?" கூடவே சிரிக்கும் மஞ்சள் முகம் இரண்டு. எந்தக் குழுவிலிருந்தோ என் எண்ணைப் பிடித்திருக்கிறாள். முப்பத்தைந்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவளுக்கு என்ன துணிச்சல் பாருங்கள்.

நெத்திலி வாடையும் ஒட்டுப்பால் வாடையும் அண்ணன் தம்பி. மரத்திலேயே காய்ந்த ரப்பர் பாலைப் பிய்த்து மூட்டை கட்டினால் அடிக்குமே, அந்த நாற்றத்தில்தான் ஈப்போவைத் தாண்டிச் செமோர் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் நானும் சரசுவும் வளர்ந்தோம். பள்ளியில் நான் முன்வரிசை, அவள் தூங்கும் வரிசை. திருவாதிரை சூரியனைவிடப் பல நூறு மடங்கு பெரியது, அதற்கு வயதாகிவிட்டது, எரிய ஒன்றும் மிச்சமில்லாதபோது உள்ளே இடிந்து வெளியே வெடித்துச் சிதறும் என்றார் வாத்தியார். சரசு பிறந்த நட்சத்திரமே அதுதான். பயந்துபோய் என்னிடம் வந்தாள். நான்தான் பெரிய மேதாவியாயிற்றே.

"அது எப்பவோ வெடிச்சிருக்கலாம்டி. வெளிச்சம் இங்க வந்து சேர பல நூறு வருசம் ஆவும். அதுவரைக்கும் இருக்கிற மாதிரியேதான் தெரியும்."

"அப்ப செத்தது யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது."

படித்ததில் அவள் மறக்காத பாடம் இது ஒன்றுதான்.

அந்த வருடக் கடைசியில் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். பால்வெட்டு நின்றது. பன்னிரண்டு குடும்பமும் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. யாரும் கையெழுத்துப் போடாமல் ஒன்றாய் நின்றால் எல்லோருக்கும் வீடு கேட்கலாம், ஒருவர் போட்டாலும் காரியம் கெட்டது. இதைச் சொன்னவரே சரசுவின் அப்பா, முத்தையா மண்டோர். எங்களையெல்லாம் வேலை வாங்கியவர். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து முதல் சத்தியம் செய்தவரும் அவர்தான். சரசு தன் பங்குக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கிட்ட சொல்லாம எங்கயும் போவ மாட்டேன்" என்றாள்.

அவர்கள் வீடு மட்டும் மேட்டில் தனியாக இருந்தது. தோட்டத்து இஞ்சினை இன்னும் நிறுத்தவில்லை. ஏழு மணிக்கு அது ஓடத் தொடங்கினால் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் விளக்கு வரும். அப்பா வாசலில் நின்று மேட்டைப் பார்ப்பார். "மண்டோரு வூட்ல லைட் எரியுது. அப்புறம் என்னா பயம்?" பள்ளி விடுமுறை, விடாத மழை. யாரும் மேடேறவில்லை. நாலு நாள் அந்த ஒற்றை விளக்கை நம்பித்தான் பதினொரு குடும்பமும் நிம்மதியாகச் சோறு தின்றது.

ஐந்தாம் நாள் இருட்டியதும் அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தனுப்பினார். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே சாமிப் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும். பின்பக்கச் சேற்றில் லாரிச் சக்கரத் தடம். ஆளில்லாத வீட்டில் விளக்கு மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டபடி விட்டுப் போனால், இஞ்சின் ஓடும்போதெல்லாம் அது பாட்டுக்கு எரியத்தானே செய்யும். அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்தது. எம்பி அணைத்தேன். நான் கீழே இறங்குவதற்குள் எல்லோரும் வாசலுக்கு வந்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். முதல் ஆளாய் ரகசியமாகக் கையெழுத்துப் போட்ட மண்டோருக்கு மட்டும் வீடு கிடைத்தது.

சில வருடம் கழித்து ஈப்போ பஸ் நிலையத்தில் சரசுவைப் பார்த்தேன். விளக்கைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"அப்பா அணைச்சிட்டு வரச் சொன்னாரு. நான்தான் போட்டு வெச்சேன். நீதானே சொன்ன, யாருக்கும் தெரியாதுன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மண்டோரைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை முடியவில்லை.

நேற்று கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து கிழக்கே பார்த்தேன். தெரு விளக்கு வெளிச்சத்தில் திருவாதிரை தெரியவில்லை. அங்கே செமோரில் இப்போது தோட்டமும் இல்லை, இஞ்சின் கொட்டகையும் இல்லை. மேட்டைச் சமப்படுத்தி வரிசையாகக் கடை கட்டிவிட்டார்கள். திருவாதிரை வெடித்தால் பட்டப்பகலிலும் தெரியுமாம். நெத்திலி வாடை போகாத விரலால் பதில் எழுதினேன்.

"அது எப்பவோ வெடிச்சிருச்சு சரசு. உனக்கு இப்பத்தான் சேதி வருதா?"