சிலுவையடியில் அக்கா சொன்ன ‘யெஸ்’

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் அக்காவுக்குப் பழமையானது எதுவானாலும் கும்பிட வேண்டும். நாங்கள் குடியிருக்கும் பக்குரங்காவின் ஷாப்பிங் பிளாசாவை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு, “இந்த நாட்டிலை பழசு ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டார். அதனால் ஒரு சனிக்கிழமை வடை சுட்டுக்கொண்டு புறப்பட்டோம்.

முதலில் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கல்வெளிக்குப் போனோம். மாவோரி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் எரிமலைக் கற்களை அடுக்கித் தோட்டம் செய்த இடம். எதைக் கும்பிடுவது என்று அக்கா தேடினார். இங்கே வத்தாளங்கிழங்கு, அதுதான் சர்க்கரைவள்ளி, நட்டார்கள் என்றேன். எங்கள் தோட்டத்திலும்தான் நட்டோம், ஒருவரும் வந்து படம் எடுக்கவில்லை என்றார்.

அடுத்தது மவுண்ட் ஆல்பர்ட் பக்கம், பாறைக்கடியிலிருந்து ஊறும் ஒரு சுனை. குடிக்காதீர்கள் என்று பலகை இருந்தது. வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. அக்கா தலையில் தெளித்துக்கொண்டு, ஒரு போத்தலில் நிரப்பியும் எடுத்துக்கொண்டார்.

பிறகு கருங்கல்லில் கட்டிய ஒரு பழைய தேவாலயத்துக்குப் போனோம். நான் வாசலில் படம் எடுத்துக்கொண்டிருக்க, அக்கா கல்லறைகளுக்கிடையே போய், புதுப்பூ வைத்திருந்த ஒரு சிலுவையைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை சுற்றிவந்து, போத்தல் தண்ணீரைத் தெளித்தார். பூவாளியோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அவரிடம் ஏதோ கேட்டார். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியும். இந்த ஊர் உச்சரிப்புத்தான் பிடிபடாது. அதனால் எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொல்வதென்று வந்த முதல் வாரமே முடிவுசெய்திருந்தார்.

நான் கிட்டப் போனபோது பாட்டியின் முகம் சிவந்திருந்தது. இங்கே அடக்கமாகியிருப்பவரைத் தெரியுமா என்று கேட்டாராம், யெஸ். நெருக்கமா என்றாராம், யெஸ், யெஸ்.

“அப்படியானால் நீதானா அவள்?” என்றார் பாட்டி.

அக்கா வாயைத் திறக்குமுன் நான் குறுக்கே விழுந்து, இவர் இலங்கையிலிருந்து போன மாதம்தான் வந்தார், சிலுவை கண்டால் சுற்றுவார் என்று விளக்கினேன். பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிலுவைக்கடியில் இருக்கும் அவருடைய புருஷன் சனிக்கிழமைதோறும் மீன் பிடிக்கப் போவாராம், மீன் மட்டும் வந்ததேயில்லையாம். வேறொருத்தி இருக்கிறாள் என்று இவர் சொன்னபோது பிள்ளைகள் திட்டினார்களாம்.

இதை அக்காவுக்குச் சொன்னேன்.

“பிள்ளையளுக்கு என்ன தெரியும்? கட்டாயம் ஒருத்தி இருந்திருப்பாள்,” என்றார் அக்கா.

அவருக்கு மீன் பிடிக்கத் தெரிந்திருக்காது என்கிறார் என மொழிபெயர்த்தேன். பாட்டி என்னையே பார்த்தார். அக்காவின் முகம் அப்படிச் சொல்லவில்லை என்றார். உள்ளதைச் சொன்னேன்.

பாட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் தன்னை நம்பிய முதல் ஆள் இவர்தான் என்றார். அக்கா வடைப் பெட்டியைத் திறந்தார். மத்தியானத்துக்கென்று வைத்திருந்ததை இருவரும் அந்தச் சனிக்கிழமைப் புருஷனின் தலைமாட்டிலேயே தின்று தீர்த்தார்கள். எனக்கு ஒன்று கிடைத்தது.

தேவாலயச் சாவி பாட்டியிடம் இருந்தது. உள்ளே கூட்டிப்போய் மெழுகுவர்த்திகளைக் காட்டினார். அக்கா இரண்டு ஏற்றினார். ஒன்று செத்தவருக்கு, மற்றது அவளுக்கு, பாவம், அவளும் இப்ப கிழவியாகியிருப்பாள் என்றார். நான் மொழிபெயர்த்ததைக் கேட்டதும் பாட்டி குனிந்து இரண்டாவதை ஊதி அணைத்தார்.

“அதுவும் சரிதான்,” என்றார் அக்கா.