கைபல்யனின் சீழ்க்கை

சிலிகா ஏரிச் சதுப்பில் படகு தள்ளும் கைபல்ய பெஹராவுக்குச் சரணாலயத்து வாத்துகளைப் பார்க்க வருகிறவர்கள் என்றாலே இளக்காரம். இலை தழை அச்சடித்த சட்டையில் ஒளிந்துகொண்டதாக நினைப்பார்கள். செண்டு வாசமோ அக்கரை வரை அடிக்கும்.

கைபல்யன் அதே வாத்துகளை நாணலுக்குள் நின்று சீழ்க்கையடித்து வரவழைத்து, வலையில் பிடித்துத் தின்றவன். பிறகு ஊரே அம்மன் முன்னால் சத்தியம் செய்து வேட்டையை விட்டு, பார்க்க வருகிறவர்களுக்குப் படகோட்டச் சங்கம் வைத்தது. விட்டதில் சீழ்க்கையும் அடக்கம். மீறியவன் தன் படகைத் தானே கரையில் கவிழ்க்க வேண்டும். பருவம் முடியும்வரை சவாரி முறை கிடையாது. கைபல்யனுக்கோ வேறு பிழைப்பும் கிடையாது.

அன்று ஏறியவர் மொஹபாத்ரா பாபு, புவனேஸ்வரத்துக் காண்ட்ராக்டர். லென்ஸ் உலக்கை நீளம்.

"எல்லாம் தூரத்துல கிடக்கு. கையத் தட்டு, பறக்கட்டும்."

"கூடாது பாபு. சத்தியம் பண்ணிருக்கோம்."

"வாத்துக்கு ஒரு சத்தியமா? போன வருஷம் வந்த படகுக்காரன் கிட்டத்துல காட்டினான். நீ சும்மா கம்பு ஊன்றவன்போல."

கம்பு ஊன்றவன். இவன் சட்டையைப் பார்த்தே வாத்துக்குச் சிரிப்பு வரும், இந்த ஆள் சொல்கிறான். கைபல்யன் இரண்டு விரலை நாக்கடியில் வைத்தான். தணிந்த சீழ்க்கை ஒன்று. தூரத்து ஊசிவால் வாத்துக் கூட்டம் அப்படியே திரும்பி, படகைச் சுற்றித் தலைக்கு மேலே தாழ்ந்து போனது.

பாபு குனிந்து பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். "எங்க? எங்க?"

நாணலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு படகு வந்தது. சங்கத் தலைவன் நடபரன். பழைய வேட்டைக் கூட்டாளி.

"கைபல்ய பாயி, யாரு சீழ்க்கை அது?"

"ஏதோ பறவை கத்துச்சு."

"உன் பக்கத்துல நின்னு வலை இழுத்தவன்கிட்டயே கதை விடுறியா?"

"இந்தாளு என்னைக் கம்பு ஊன்றவன்னான், பாயி."

"ஊன்றவன்தானே. அதுக்குத்தானே சத்தியம் பண்ணோம். கரைக்கு வா."

வழக்கப்படி, கைபல்யனே தன் படகைக் கவிழ்த்தான். யாரும் கைகொடுக்கவில்லை. பாபு காரில் ஏறும்போது, "ஒண்ணும் தேறலை, படகுக்காரன் சரியில்ல" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வந்த கும்பல் அந்தப் படகின்மேல் உட்கார்ந்து பொரி தின்று, ஷூ முடிச்சுப் போட்டது. ஒரு பெண் முதுகுப்பலகையைத் தட்டிக் கேட்டாள்:

"இது ஓட்டைப் படகாண்ணா?"

"படகு நல்லாத்தாம்மா இருக்கு," என்றான் கைபல்யன். "ஓட்டுனவனுக்குத்தான் வாய் சும்மா இருக்கல."