மூன்று பேர் இருந்தால் காசில்லை

நகர்கிற ரோட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்களா? நம்மூர் டோல்கேட்டைச் சொல்லவில்லை. அங்கே எல்லோரும் கட்டுகிறோம், கட்டிவிட்டு எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம். நான் சொல்வது வேறு. இங்கே வர்ஜீனியாவில், வாஷிங்டனுக்கு நான் தினமும் வேலைக்குப் போகும் நெடுஞ்சாலையின் நடுவில் தடுப்புச் சுவர் வைத்துத் தனியாகப் பாதை போட்டிருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் லேன் என்று பெயர். நுழைவில் ஒரு மின்பலகை. கூட்டம் கூடினால் அதில் கட்டணம் ஏறும், குறைந்தால் இறங்கும், உழவர் சந்தைத் தக்காளி மாதிரி. கட்ட மனமில்லையா, பக்கத்து லேனில் சும்மா ஊர்ந்துகொண்டே சுவருக்கு அந்தப்பக்கம் பறக்கிறவர்களை வேடிக்கை பார்க்கலாம். ரோட்டுக்குமா பால்கனி டிக்கெட் என்று முதல் வாரம் கடுப்பாக இருந்தது. இரண்டாவது வாரம் நானும் பால்கனியில்தான் இருந்தேன்.

அந்த லேனில் ஒரு சலுகை உண்டு. காரில் மூன்று பேர் இருந்தால் கட்டணம் கிடையாது. எங்கள் பல்லடத்தில் மூன்று பேரோடு கார் போனால், காலியாகத்தான் போகிறது என்று இன்னும் இரண்டு பேர் கைகாட்டி ஏறுவார்கள். இங்கே ஆளுக்கொரு கார். அதனால் காலையில் பெரிய பார்க்கிங் இடங்களில் முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நிற்பார்கள். தனியாக வரும் காரோட்டி இரண்டு பேரை ஏற்றிக்கொள்வார். அவருக்கு இலவச லேன், அவர்களுக்கு இலவசப் பயணம். எழுதாத விதி ஒன்றுதான்: பேசக் கூடாது. வழியெல்லாம் ரேடியோ மட்டும்.

கோயமுத்தூர்க்காரனால் அது முடிகிற காரியமா? முதல் நாள் என் காரில் முன் சீட்டில் ஏறியவர் டெனிஸ், ஏதோ அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் ஐம்பது வயது அம்மா. இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை எனக்கு. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “பசிக்கிறதா உனக்கு?” என்று பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். விளக்க வெட்கமாக இருந்தது. வாங்கித் தின்றேன். இறங்கும்போது அவர் ‘பை பை’ சொன்னார். நம் வாயில் கிளம்பும்போது வேறென்ன வரும், ‘வாரேனுங்க’ என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, “ஓகே, ஐ வில் கம்” என்றேன். பெரிதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். அக்காவுக்கு இரண்டு கோழி வண்டிகள். ஒன்றை அவளே ஓட்டுகிறாள். விடியலில் பல்லடத்துப் பண்ணையில் கறிக்கோழி ஏற்றினால் வெயில் ஏறுவதற்குள் கோவைக் கடைகளில் இறக்க வேண்டும். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை கூடப் போனேன். சிங்காநல்லூருக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. கூண்டுக்குள் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. அக்கா இறங்கித் தண்ணீர் பாட்டிலைக் கூண்டு கூண்டாகத் தெளித்துக்கொண்டே நடந்தாள், பின்னாலிருந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைக்குப் போனபோது பல கோழிகள் அசையவில்லை. செத்த கோழியைக் கடைக்காரர் தராசில் ஏற்ற மாட்டார். இப்போது அதே ரோட்டை அகலப்படுத்திக் காசு லேன் ஒன்றும் போடலாமா என்று சூலூரில் கருத்துக் கேட்கிறார்கள். கோழி வண்டிக்காரர்கள் சார்பில் அக்காதான் பேச வேண்டும்.

“நீ தெனமும் அந்தக் காசு ரோட்டுலதான போற. நல்லதா கெட்டதா, ஒத்த வார்த்தைல சொல்றா கண்ணு. வெள்ளிக்கெழம எந்திரிச்சுப் பேசோணும்.”

“நல்லதுங்க்கா. கண்ண மூடிட்டு சரின்னு சொல்லுங்க.”

“வண்டி ஓட்டறவகிட்ட, கண்ண மூடிக்கன்னு சொல்றயே, நீயெல்லாம் படிச்சவனாடா?”

“காசு கட்டுனா கோழி உசுரோட போய்ச் சேருமுங்க்கா.”

“என்ற கோழி போயிரும். காசு கட்ட முடியாதவன் வண்டி?”

சமாளித்துப் பேச்சை மாற்றினேன். மறுநாள் காலை சீக்கிரமே மீட்டிங். பார்க்கிங் பக்கம் திரும்பாமல் கட்டணம் கட்டி நேராக லேனில் ஏறினேன். ஜம்மென்று போய்ச் சேர்ந்தேன். அதற்கடுத்த நாள் வரிசைக்குப் போனால் டெனிஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினார்.

“வருகிறேன் என்றாயே. நேற்று உனக்காக மூன்று கார்களை அனுப்பிவிட்டு நின்றேன். வேலைக்குத் தாமதம்.”

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போகும்போதும் வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று விளக்கினேன். ரேடியோவை மீறிச் சிரித்தார். “அப்புறம் வராமலே இருந்துவிட்டால்? யாரும் கோபப்பட மாட்டார்களா?” என்று கேட்டார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. நான் கட்டிய கட்டணம் ரோட்டிலிருந்து ஒரு காரையும் குறைக்கவில்லை. என் காரை ஒரு லேனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது, அவ்வளவுதான். டெனிஸ் தன் காரை விட்டுவிட்டு என் காரில் ஏறினாரே, அதுதான் ஒரு காரைக் குறைத்தது. கட்டணம் மட்டும் இருந்தால் வசதியானவன் தப்பித்துப் போவான், நெரிசல் அங்கேயே நிற்கும். ஆள் நிறைந்த வண்டிக்குக் காசில்லை என்றால்தான் ரோடே இளகும். அவசரத்துக்குக் காசு கட்டிப் போகிற வழியும் இருக்கட்டும், கோழி உயிர் காத்திருக்காது. அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டேன்.

“லேன் வேணும்னே சொல்லுங்க்கா. ஆனா இருக்கற லேன்ல கை வெக்கக் கூடாது, புதுசாத்தான் போடோணும். பஸ்ஸுக்கு அதுல காசு கெடையாதுன்னு எழுதி வாங்கோணும்.”

“பஸ்காரன் ஓசில போவான், நான் காசு கட்டிட்டு அவனுக்குப் பின்னாடி போகோணுமா?”

“போகட்டுமுங்க்கா. பஸ்ஸு வேகமாப் போச்சுன்னா அத்தன சனமும் பஸ்ஸுல ஏறிரும். உங்க முன்னாடி ஊர்ற பைக்கெல்லாம் ஊட்டுல நிக்கும்.”

அக்காவுக்குச் சரியென்று பட்டுவிட்டால் அடுத்து என் பக்கம் திரும்புவாள்.

“இத்தன வெவரம் தெரிஞ்சவன் நீயே வந்து பேசலாமில்ல? ஏர்போர்ட்டுல வாரேன்னுதானடா சொல்லிப்போட்டுப் போன. நாலு வருசமாச்சு.”

“வாரேனுங்க்கா.”

“ம். இன்னொருக்காச் சொல்லு.”

பார்க்கிங்கில் காரை நிறுத்தி இதை போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை, இங்கே காலை ஏழரை, அங்கே மாலை ஐந்து. சூலூரில் கூட்டம் ஆரம்பித்திருக்கும். டெனிஸ் முன் சீட்டில் பெல்ட் போட்டுவிட்டார். மூன்றாவது ஆள் இன்னும் வரவில்லை.